கானகத்தில் ஒரு கணினிக் கதை

தமிழ் படித்தவர்க்குக் காடு புதிதன்று. முல்லைக்கு உரிய நிலம் காடும் காடு சார்ந்த இடமும் எனப் பள்ளிப் பருவத்திலேயே மனனம் செய்தவர்கள் நாம். வேனிலின் கொடுமையால் முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்து பாலையாகும் எனச் சிலப்பதிகாரம் கூறுவதை ஆண்டுதோறும் வகுப்பறையில் விளக்கியும் வருகிறோம். அகப்பாடலில் காடு என்பது மரமும் புதரும் மட்டுமன்று. பிரிந்து செல்பவனின் மனநிலையும் அதுவே. இவ்வாறெல்லாம் பேசிப் பழகிய தமிழாசிரியர் ஒருவர், காட்டை நிலைக்களனாகக் கொண்ட கணினி விளையாட்டு ஒன்றைப் பற்றித் துறை மலரில் எழுத முற்படுவது பெரியோர் சிலருக்கு வியப்பளிக்கலாம். விளையாட்டு என்றவுடன் துப்பாக்கியும் கூச்சலும் இரவு முழுதும் உறங்காத பிள்ளைகளின் சிவந்த கண்களும் நினைவுக்கு வருவது இயல்பே. நாம் கூற வருவது அத்தகைய விளையாட்டைப் பற்றியதன்று.

2021ஆம் ஆண்டின் ஊரடங்கு நாட்களில் நம் தங்கையின் மகன் நம் வீட்டில் தங்கிப் பொறியியல் பாடங்களை இணையவழியே படித்துக்கொண்டிருந்தான். ஒருநாள் இரவு, “மாமா, இது சுடுற விளையாட்டு இல்ல, கதைதான். கொஞ்ச நேரம் பக்கத்துல உட்காருங்களேன்” என்று மடிக்கணினியை நம் முன் நகர்த்தி வைத்தான். விசைகளை அவன் அழுத்துவான். எந்த விடையைத் தேர்வது என்பதை நாம் சொல்வோம். இவ்வாறு இரண்டு இரவுகளில் அக்கதையை முடித்தோம். அதன் பெயர் ‘ஃபயர்வாட்ச்’. தமிழில் ‘தீக்காவல்’ எனலாம்.

அமெரிக்காவின் சான்பிரான்சிஸ்கோ நகரில் 2013இல் தொடங்கப்பட்ட காம்போ சாண்டோ என்னும் சிறு நிறுவனத்தார் இதனை உருவாக்கி, பேனிக் என்னும் மென்பொருள் நிறுவனத்தின் துணையுடன் 2016 பிப்ரவரி 9ஆம் நாள் வெளியிட்டனர். அதுவே அவர்களுடைய முதற்படைப்பு. எழுத்தில் முதற்பங்கு வகித்த ஷான் வானமன், கதை நிகழும் வயோமிங் மாநிலத்திலேயே வளர்ந்தவர். ஓவியர் ஆலி மாஸ் வரைந்த காட்சிகளை, நாற்புறமும் நடந்து திரியத்தக்க காடாக மாற்றிக் கொடுத்தவர் ஜேன் இங் என்னும் பெண்மணி. 1930களின் பொருளாதார மந்தக் காலத்தில் அமெரிக்க அரசு தன் தேசியப் பூங்காக்களுக்காக அச்சிட்ட சுவரொட்டிகளின் வண்ணங்களைப் பின்பற்றியே இக்காடு தீட்டப்பட்டது என்பர். மாலை வெயிலில் அந்தப் பள்ளத்தாக்கு செம்பொன்னாகச் சிவக்கும் காட்சியைக் கண்டு, அருகில் நின்ற நம் தங்கை, “இது நெசமாவே இருக்கிற ஊரா?” என்று கேட்டாள்.

நிலம் மெய்யானது, கோபுரங்களும் அவற்றில் வாழ்ந்த மாந்தரும் கற்பனை. கதை நிகழும் இடம் ஷோஷோனி தேசியக் காடு. யெல்லோஸ்டோன் பூங்காவை அடுத்துள்ளது. காலம் 1989ஆம் ஆண்டின் கோடை. இந்த ஆண்டினை ஆசிரியர்கள் வீணே தேர்ந்தெடுக்கவில்லை. அதற்கு முந்தைய 1988ஆம் ஆண்டில் கடும் வறட்சியால் யெல்லோஸ்டோனில் மூண்ட தீ ஏறத்தாழ 8 இலட்சம் ஏக்கரை, அதாவது அப்பூங்காவின் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலான பரப்பைத் தீண்டியது. சில தீக்கள் மின்னலால் எழுந்தவை. பெருந்தீ ஒன்று விறகு வெட்ட வந்தவர் எறிந்த சிகரெட்டிலிருந்து பரவியது. இயற்கையாக மூளும் தீயை ஓரளவு எரியவிடுவது என்ற காட்டுத்துறையின் கொள்கையே இத்தனைக்கும் காரணம் என்று நாடே சினந்தது. ஆராய்ந்தவர்களோ மழையின்மையையும் காற்றையுமே முதன்மைக் காரணங்களாகக் கூறினர். வறட்சியின் மீது வழக்குத் தொடுக்க முடியாதல்லவா? மக்கள் சினம் எப்போதும் ஒரு மனித முகத்தைத் தேடுகிறது.

அந்நாட்டில் தீக்காவலர் பணி நெடிய வரலாறுடையது. 1910இல் வடமேற்கு மாநிலங்களில் ஏறத்தாழ 30 இலட்சம் ஏக்கரை விழுங்கிய பெருந்தீக்குப் பின் மலையுச்சிகளில் காவற்கோபுரங்கள் பெருகின. கோடை முழுவதும் ஒருவர் தனியே தங்கிப் புகை தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். ஜாக் கெரவக் என்னும் எழுத்தாளர் 1956இல் டெசலேஷன் சிகரத்தில் 63 நாட்கள் இப்பணியைச் செய்தார். கோபுரத்தின் நடுவே வட்ட வடிவ நிலப்படமும் அதன் மேல் சுழலும் குறிகாணும் கருவியும் இருக்கும். ஆஸ்போர்ன் கருவி என்று அதற்குப் பெயர். ஒரு கோபுரத்திலிருந்து பார்த்தால் புகை எந்தத் திசையில் உள்ளது என்பது தெரியும். அது எவ்வளவு தொலைவு என்பது எளிதில் தெரியாது. மற்றொரு கோபுரத்திலிருந்தும் ஒருவர் பார்த்துத் திசை சொன்னால், இரு கோடுகளும் வெட்டிக்கொள்ளும் புள்ளியில் தீ இருக்கிறது என்று துணியலாம். இந்தச் செய்தியைப் படித்தபோது நாம் கதையை முடித்திருந்தோம். அக்கதைக்கு இதைக் காட்டிலும் பொருத்தமான கருவி வேறில்லை எனத் தோன்றியது.

கதைத் தலைவன் பெயர் ஹென்றி, நாற்பதை நெருங்குபவன். கதை காட்டில் தொடங்கவில்லை, எழுத்தில் தொடங்குகிறது. திரையில் சில வரிகள் தோன்றுகின்றன. 1975இல் கொலராடோ மாநிலத்தின் போல்டர் நகரில் ஜூலியா என்னும் பெண்ணை அவன் சந்திக்கிறான். ‘நீ’ என்றே வரிகள் நம்மை விளிக்கின்றன. என்ன சொல்லி அவளிடம் பேச்சைத் தொடங்கினாய், எந்த நாயை வளர்த்தீர்கள், பிள்ளை வேண்டும் என்றாயா வேண்டாம் என்றாயா என்று ஒவ்வொன்றுக்கும் விடை கேட்கின்றன. திருமணம் நடக்கிறது, ஆண்டுகள் செல்கின்றன. பின்பு ஜூலியா சொற்களை மறக்கத் தொடங்குகிறாள். கல்லூரியில் பாடம் நடத்தும் அறிவுடைய பெண். நாற்பதைக் கடந்த சிறிது காலத்திலேயே மறதிநோய் அவளைப் பற்றுகிறது. அவளை வீட்டில் வைத்துப் பேணுவாயா, பராமரிப்பு இல்லத்தில் சேர்ப்பாயா என்று திரை வினவுகிறது. இந்த இடத்தில் நம் மருமகன் விசையின் மேல் விரலை வைத்தபடி நம் முகத்தைப் பார்த்தான். நாம், “வீட்டிலேயே” என்றோம். அதன்பின் ஹென்றி தளர்கிறான், குடிக்கிறான். ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரிலிருந்து ஜூலியாவின் பெற்றோர் வந்து அவளை அழைத்துச் செல்கின்றனர். அவன் உடன் செல்லவில்லை. செய்தித்தாளில் தீக்காவலர் பணிக்கான விளம்பரத்தைக் காண்கிறான், காட்டுக்குப் புறப்படுகிறான்.

நம் அகமரபில் தலைவன் பிரிவதற்கு நெறிகள் உண்டு. ஓதற்காகப் பிரிவான், பகைமேல் பிரிவான், தூதின் பொருட்டுப் பிரிவான், பொருள் தேடிப் பிரிவான். பிரிந்தவன் மீண்டு வருவான் என்ற நம்பிக்கையே முல்லைத் திணையின் உயிர். ஹென்றியின் பிரிவு இவற்றுள் எதிலும் அடங்காது. காத்திருக்க வேண்டியவளுக்குக் காத்திருப்பது என்றால் என்ன என்பதே மறந்துவிட்டது. அவன் எதையும் தேடிச் செல்லவில்லை. ஒன்றைப் பார்க்க இயலாமல் செல்கிறான். தொல்காப்பியர் இதற்கு என்ன பெயர் இட்டிருப்பார் என்று நாம் எண்ணிப் பார்த்ததுண்டு.

காட்டில் அவனுக்குத் துணை ஒரு குரல் மட்டுமே. தொலைவிலுள்ள மற்றொரு கோபுரத்தில் டெலைலா என்னும் பெண் இருக்கிறாள், அவனுக்கு மேலதிகாரி. வாக்கி டாக்கி வழியே இருவரும் பேசிக்கொள்கின்றனர். அவள் கோபுரத்து விளக்கு இரவில் சிறு புள்ளியாகத் தெரியும். அவளுடைய முகத்தை அவன் காண்பதேயில்லை. சங்கப் பாடல்கள் பலவும் ஒருவர் கூற்றாகவே அமைந்தவை அல்லவா? பாடலுள் ஆசிரியர் குறுக்கிட்டு விளக்குவதில்லை. தலைவியோ தோழியோ பேசுவதைக் கேட்டு நாமே சூழலை உணர்ந்துகொள்கிறோம். இங்கும் அவ்வாறே. ரிச் சோமரும் சிஸ்ஸி ஜோன்ஸும் குரல் கொடுத்த அவ்வுரையாடலே படைப்பின் பெரும்பகுதி. அவள் ஒன்று கேட்டால் இரண்டு மூன்று விடைகள் திரையில் தோன்றும். குறித்த நேரத்திற்குள் தேர்ந்தெடுக்க வேண்டும். தேர்ந்தெடுக்காமல் விட்டால் அம்மௌனமும் ஒரு விடையாகவே கொள்ளப்படும். மௌனத்தையும் விடையாக ஏற்கும் இந்த நயம் நம்மைப் பெரிதும் கவர்ந்தது.

முதல் நாட்கள் இனியவை. கையில் நிலப்படமும் திசைகாட்டியும் கொண்டு நடப்பது, குளத்தில் பட்டாசு வெடிக்கும் இரு இளம்பெண்களைக் கண்டிப்பது, ஆமை ஒன்றை எடுத்து வந்து வளர்ப்பது, காட்டில் ஆங்காங்கே வைத்துள்ள பொருட்பெட்டிகளைத் திறப்பது எனக் காலம் கழிகிறது. பெட்டிகள் அனைத்திற்கும் பூட்டு எண் ஒன்றே: 1234. இந்த எளிய நகைச்சுவைக்கு நம் மருமகன் வாய்விட்டுச் சிரித்தான். மெல்ல மெல்ல நிழல் படர்கிறது. யாரோ கோபுரத்திற்குள் நுழைந்து பொருட்களைச் சிதறடிக்கின்றனர். அவ்விளம்பெண்கள் காணாமற்போகின்றனர். ஹென்றியும் டெலைலாவும் தனிமையில் பேசிய பேச்சுகள் அனைத்தும் எழுதப்பட்ட தாள்கள் கிடைக்கின்றன. காட்டின் நடுவே வேலியிட்ட ஆய்வுக்கூடம் ஒன்று தென்படுகிறது. அரசு நம்மை வைத்து ஏதோ ஆய்வு நடத்துகிறதா? ஜூலியாவைப் பற்றி நாம் பேசியதையெல்லாம் எவன் கேட்டுக்கொண்டிருந்தான்? இரண்டாம் இரவு இந்த இடத்தில்தான் நம் வீட்டார் அனைவரும் மடிக்கணினியைச் சூழ்ந்து அமர்ந்துவிட்டனர்.

விடை என்ன? ஆய்வுக்கூடம் எல்க் என்னும் மான்களை ஆராய்வதற்கானது. காணாமற்போன பெண்கள் வேறோரிடத்தில் பாதுகாப்பாகவே இருந்தனர். ஒட்டுக்கேட்டவன் நெட் குட்வின் என்பவன். வியட்நாம் போரில் பங்கேற்றவன். சில ஆண்டுகளுக்கு முன் அதே கோபுரத்தில் காவலனாக இருந்தவன். பிள்ளைகளை அழைத்து வரக்கூடாது என்ற விதியை மீறி, பிரையன் என்னும் தன் சிறு மகனை உடன் வைத்திருந்தான். பாறையேறவும் கயிற்றில் இறங்கவும் அஞ்சிய அப்பிள்ளை, தந்தை பயிற்றுவிக்கும்போது குகையொன்றுள் விழுந்து இறந்தான். தந்தை ஊர் திரும்பவில்லை. மகனுடைய உடல் கிடந்த குகையை எவரும் அணுகாதபடி, அக்காட்டிலேயே மறைந்து வாழ்ந்தான். இவ்விருவரையும் அச்சுறுத்தி விரட்டுவதற்காகவே அத்தனையையும் செய்தான். பிள்ளை அங்கிருப்பதை அறிந்தும் மேலிடத்திற்கு அறிவிக்காமல் விட்டவள் டெலைலா. அந்தச் சுமை அவளுக்கு. சதியில்லை, அரசின் இரகசியமில்லை. தீ பெருகி வானம் முழுதும் புகை மூடிய 79ஆம் நாளில் ஹென்றி அவளுடைய கோபுரத்தை அடைகிறான். அவள் முன்பே புறப்பட்டுவிட்டாள். அங்கிருந்து இறுதியாக ஒருமுறை குரல்வழியே பேசுகின்றனர். ஜூலியாவைச் சென்று பார் என்கிறாள். ஹெலிகாப்டர் வருகிறது. கதை முடிகிறது. பொன்னிறக் காடாகத் தொடங்கிய முல்லை, நம் கண்முன்னே சிலம்பு சொன்ன பாலையாகத் திரிந்து நிற்கிறது.

இப்படைப்புக்குக் கிடைத்த வரவேற்பு பெரிது. முதல் மாதத்திலேயே 5 இலட்சம் படிகளுக்கு மேல் விற்றது. ஓராண்டுக்குள் அது 10 இலட்சத்தைக் கடந்தது. 2017இல் பிரித்தானியத் திரைப்பட, தொலைக்காட்சிக் கலைக்கழகமாகிய பாஃப்டாவின் சிறந்த முதற்படைப்புக்கான விருதும், டெலைலாவுக்குக் குரல் கொடுத்த சிஸ்ஸி ஜோன்ஸுக்குச் சிறந்த நடிப்புக்கான விருதும் கிடைத்தன. கணினியில் விளையாடியோர் ஹென்றியின் ஒளிப்படக் கருவியால் எடுத்த காட்சிகளை மெய்யான அச்சுப்படங்களாக வரவழைத்துக்கொள்ளவும் வழி செய்திருந்தனர். இல்லாத காட்டில் எடுத்த படத்தை அஞ்சலில் பெற்றுச் சுவரில் மாட்டிக்கொண்டவர்களை எண்ணி நாம் சிரிக்கலாம். கற்பனைத் தலைவியின் துயருக்காகக் கண்ணீர் சிந்தும் தொழிலில் உள்ள நமக்கு அச்சிரிப்பு அழகன்று.

ஆனால் அதே விளையாட்டாளருள் பெருந்தொகையினர் முடிவைக் கண்டு மனம் கசந்தனர். இதற்காகவா இத்தனை நடந்தோம் என்றனர். மர்மத்தை வளர்த்துவிட்டுக் கைகழுவிவிட்டார்கள் என்றனர். டெலைலாவைக் காட்டாமல் விட்டது ஏமாற்று என்றனர். நம் மருமகனின் வகுப்புத் தோழர்களிடையேயும் இதே பிளவுதான். ஒருவன், கடைசி அரைமணி நேரத்தை அழித்துவிட்டால் இதுபோல் ஒன்று இல்லை என்றானாம். மற்றொருவன் அந்த அரைமணி நேரத்திற்காகத்தான் ஏனையவை என்றானாம்.

நாம் இரண்டாமவன் பக்கம். அதற்குக் காரணம் இலக்கணமன்று, நம் வீடு.

நம் வாப்பா ஜவுளிக்கடை ஒன்றில் நாற்பதாண்டுகள் கணக்கெழுதியவர். மூன்றிலக்கப் பெருக்கலைத் தாளின்றிச் சொல்லக்கூடியவர். 2014இன் பிற்பகுதியில் ஒருநாள், கடைத்தெருவிலிருந்து வீட்டுக்கு வரும் வழி தெரியாமல் பள்ளிவாசல் திண்ணையில் அமர்ந்துவிட்டார். அன்று தொடங்கியது. லுஹர் தொழுதுவிட்டு வந்து கால்மணி நேரம் கழியாது, “பாங்கு சொல்லியாச்சா?” என்று கேட்டு மறுபடியும் ஒளுச் செய்யப் போவார். தொழுதுவிட்டீர்கள் என்று சொன்னால் முகம் வாடும். பிறகு உம்மா ஒரு வழி கண்டார். தடுக்காமல் தண்ணீர் எடுத்துக் கொடுத்துவிடுவார். ஒரே நாளில் நான்கைந்து முறை லுஹர் தொழுதிருக்கிறார் வாப்பா. நான்கு ஆண்டுகள் இவ்வாறு கழிந்து, 2018இல் மௌத்தானார். கடைசி ஆண்டில் உம்மாவைத் தம் ராத்தா என்று எண்ணிக்கொண்டிருந்தார். உம்மாவும் அந்தப் பெயருக்கே பதில் சொன்னார்.

நம் மூத்த காக்கா அப்போது தம்மாமில் இருந்தார். வெள்ளிதோறும் ஜும்ஆவுக்குப் பின் அவரிடமிருந்து தொலைபேசி வரும். மருந்துச் செலவில் பெரும்பகுதியை அவரே ஏற்றார். அதில் ஒரு நாளும் குறை வைத்ததில்லை. வாப்பா அவருடைய குரலைக் கேட்டு மகிழ்ச்சியாகவே பேசுவார். தொலைபேசியை வைத்தவுடன், “யார் பேசினது?” என்பார். காக்கா நம்மிடம் பேசும்போது கேட்பதெல்லாம் ஒன்றே. முதலில் யார் பார்த்தார்கள், எந்த மாத்திரை கொடுத்தார்கள், அந்தச் சீட்டை வைத்திருக்கிறாயா என்பார். சர்க்கரைக்காக ஒரு மருத்துவமனையில் கொடுத்த மாத்திரைதான் வாப்பாவின் மூளையைக் கெடுத்தது என்பது அவருடைய முடிபு. இணையத்தில் தேடித்தேடிப் படித்து நள்ளிரவில் செய்தி அனுப்புவார். நரம்பியல் மருத்துவர் இருவர் அப்படியில்லை என்று விளக்கியும் அவர் மனம் ஏற்கவில்லை. உம்மாவோ ஒரு நாளும் காரணம் கேட்டதில்லை. அவருக்கு நேரமில்லை. சோறூட்ட வேண்டும், துணி மாற்ற வேண்டும், கதவுக்கு உள்தாழ் இட வேண்டும்.

இது காக்காவைக் குறைகூறுவதற்காக எழுதுவதன்று. அவர் ஊருக்கு வந்தபோதெல்லாம் வாப்பாவின் காலடியில் படுத்துறங்கியதை நாம் கண்டிருக்கிறோம். தொலைவில் இருப்பவர்க்குக் கையில் செய்வதற்கு வேலையில்லை. ஆகவே மனம் சதியைத் தேடுகிறது. அருகில் இருப்பவர்க்கு வேலை உண்டு; சதிக்கு இடமில்லை. ஹென்றி அந்தக் காட்டில் வேலியைக் கண்டவுடன் ஏன் அவ்வளவு விரைவில் அரசின் சூழ்ச்சி என்று நம்பினான் என்பதை நாம் உடனே புரிந்துகொண்டோம். யாரோ தன்னை வைத்து ஆய்வு நடத்துகிறார்கள் என்றால், தன் துயருக்கு வெளியே ஒரு பகைவன் உண்டு என்றாகிவிடும். அதன்பின் மெல்போர்னை நினைக்க வேண்டியதில்லை. நெட் குட்வினும் அவ்வாறே. மகன் இறந்ததைச் சொல்லி அழுவதைவிட, காடு முழுதும் கம்பியிழுத்து ஒட்டுக்கேட்பது அவனுக்கு எளிதாக இருந்தது. ஹென்றி தன்னினும் முதிர்ந்த நிலையில் தன்னையே அந்த மனிதனிடம் காண்கிறான். ஊர் திரும்பாவிட்டால் அவனும் அப்படித்தான் ஆவான்.

விளையாடியவர்களின் ஏமாற்றத்தை நாம் எள்ளவில்லை என்பதை இங்கே சொல்ல வேண்டும். அவர்களுக்கும் அந்தப் பகைவன் தேவைப்பட்டான். மூன்றரை மணி நேரம் ஹென்றியின் கண்களால் பார்த்தவர்கள் ஹென்றியைப் போலவே சதியை விரும்பினார்கள். அது இல்லை என்றானபோது, காம்போ சாண்டோவின் எழுத்தாளர்களையே பகைவராக்கிக்கொண்டார்கள். எழுத்து தன் வேலையைச் செய்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? எனினும் எழுத்தாளர்கள் பக்கமும் குறையுண்டு. நெட்டின் கதை முழுவதையும் ஓர் ஒலிநாடாவில் அவனே பேசி முடித்துவிடுகிறான். இத்தனை நாள் நிழலாகத் திரிந்தவன், மகனைப் பறிகொடுத்தவன், சில நிமிடப் பேச்சில் அடங்கிவிடுகிறான். பிரையனுடைய உடலைக் குகையில் கண்ட காட்சியின் கனம் ஆறுவதற்குள் தீயும் ஹெலிகாப்டரும் வந்து விரட்டுகின்றன. இன்னும் ஒரு நாள், எண்பதாம் நாள் என ஒன்று, அமைதியாகக் கொடுத்திருக்கலாம்.

வேறு குறைகளும் கூறப்பட்டன. நடப்பதும் பேசுவதும் தவிர ஒன்றுமில்லை. இதை விளையாட்டு என்பதா என்றனர். 2012இல் வெளிவந்த ‘டியர் எஸ்தர்’, 2013இல் வெளிவந்த ‘கான் ஹோம்’ ஆகியவற்றுக்கும் ‘நடைப் பாவனை’ என்ற பொருள்படும் ஏளனப் பெயரை இட்டிருந்தனர். இதற்கும் அதுவே இடப்பட்டது. நான்கைந்து மணி நேரத்தில் முடிந்துவிடும் கதைக்கு ஏறத்தாழ 20 டாலர் விலையா என்ற வழக்கும் இருந்தது. நூலின் பக்கத்தை எண்ணி விலை பேசும் வாசகர் நம்மிடமும் உளர், விட்டுவிடுவோம்.

2017 செப்டம்பரில் நிகழ்ந்தது வேறு வகை. சுவீடன் நாட்டைச் சேர்ந்த பெரும்புகழ் கொண்ட ஒளிபரப்பாளர் ஒருவர், மற்றொரு விளையாட்டின் நேரலையில் கறுப்பின மக்களை இழித்துரைக்கும் சொல்லைப் பயன்படுத்தினார். அதைக் கண்டித்த ஷான் வானமன், தம் படைப்பை அவர் விளையாடிக் காட்டிய காணொளியைப் பதிப்புரிமையின் பேரில் நீக்கச் செய்தார். அவ்வளவுதான், அவருடைய அன்பர்கள் திரண்டு வந்து, விற்பனைத் தளமான ஸ்டீமில் ‘ஃபயர்வாட்ச்’ குறித்து வசைமதிப்புரைகளைக் குவித்தனர். அந்த மதிப்புரைகளில் ஹென்றியும் இல்லை, ஜூலியாவும் இல்லை. ஒளிபரப்பாளர் தம் சொல்லுக்கு வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். அதே மாதத்தில் அந்தத் தளம், மதிப்புரைகள் எந்த நாட்களில் திடீரெனப் பெருகின என்பதை வரைபடமாகக் காட்டும் ஏற்பாட்டைச் செய்தது. பதிப்புரிமைச் சட்டத்தை இதற்குப் பயன்படுத்தலாமா என்பதில் வழக்கறிஞர்கள் மாறுபட்டனர். இழிசொல்லைக் கேட்டு வாளாவிருக்க முடியாத எழுத்தாளரின் மனத்தை நாம் மதிக்கிறோம்.

நிறுவனத்தின் பிற்கதை சுருக்கமானது. எகிப்துப் பாலைவனத்தைக் களமாகக் கொண்ட அடுத்த படைப்பை 2017 டிசம்பரில் அறிவித்தனர். 2018 ஏப்ரலில் ஸ்டீம் தளத்தின் உரிமையாளரான வால்வ் நிறுவனம் அவர்களைத் தன்னுள் சேர்த்துக்கொண்டது. எகிப்துக் கதை நிறுத்தி வைக்கப்பட்டது.

ஷோஷோனிக் காட்டுக்குள் மக்கள் திரும்பத் திரும்பச் செல்வதுதான் நமக்கு வியப்பு. வெளியான ஆண்டிலேயே, கதையேதுமின்றி அக்காட்டில் விருப்பம்போல் சுற்றித் திரியும் வசதியைச் சேர்த்தனர். வாக்கி டாக்கியில் குரலில்லை, பகலும் இரவும் மாறி மாறி வரும். முடிவைத் திட்டியவர்கள் பலரும் இவ்வாறு நடப்பதை விரும்பினர் என்று மருமகன் சொன்னான். அவனும் தேர்வு நாட்களில் இரவு அரைமணி நேரம் அங்கே நடந்துவிட்டுத்தான் உறங்கப் போவான்.

வேறு சிலர் கதையை முதலிலிருந்து தொடங்கி, முன்பு சொன்னதற்கு மாறான விடைகளைத் தந்து பார்க்கின்றனர். நம் மருமகனும் பார்த்தான். நாயை மாற்றினான், டெலைலாவின் கேள்விகளுக்கு மௌனமாக இருந்தான், அவளிடம் காத்திரு என்று கெஞ்சினான், அவள் காத்திருக்கவில்லை. பிறகு ஜூலியாவை வீட்டில் வைக்காமல் பராமரிப்பு இல்லத்தில் சேர்த்தும் பார்த்துவிட்டு, நம் அறைக்கு வந்து, “எதைச் சொன்னாலும் அவங்க அம்மா அப்பா மெல்போர்ன்லேர்ந்து வந்து கூட்டிட்டுப் போயிடுறாங்க மாமா” என்றான்.